காலையில் மட்டும் டிஸ்ப்ளே வருவதில்லை

டிஸ்ப்ளே வரவில்லை என்று சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிட்டால், அவர் பையிலிருந்து திருப்புளிக்கு அடுத்தபடியாக வெளியே வருவது பென்சில் ரப்பர். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுவார். ராமைப் பிடுங்கி, அதன் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பட்டைகளை ரப்பரால் நாலு தேய் தேய்ப்பார். துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் கிளிப் 'டக்' என்று விழும்வரை திரும்ப அழுத்துவார். பட்டனைத் தட்டியதும் கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிடும். கூலியை வாங்கிக்கொண்டு அவர் போன பத்தாம் நாள், அதே கம்ப்யூட்டர் ஃபேன் மட்டும் சுற்ற, திரை கறுப்பாகவே நிற்கும்.

அந்த ரப்பர் வைத்தியத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அதில் அறிவியல் இருக்கிறது. தங்கம் துருப்பிடிக்காதுதான், ஆனால் அந்தப் பட்டைகளில் இருப்பது நிக்கலின் மேல் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான கனத்தில் ஏற்றிய முலாம். அதன்மேல் விரல் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மின்சாரம் கடக்காத ஒரு படலம் உருவாகும். ஸ்லாட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் முனைகள், ராம் உள்ளே இறங்கும்போது பட்டையை உரசியபடி இறங்குமாறுதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த உரசல் படலத்தைக் கிழித்துவிடும். ஆகவே பலன் தந்ததில் பெரும்பங்கு ரப்பருடையது அல்ல, கழற்றி மாட்டியதுடையது. ரப்பரால் அடிக்கடி தேய்த்தால் முலாமும் சேர்ந்து தேயும் என்பது கூடுதல் செய்தி.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ராமைக் கழற்றுவதற்கு முன் அவர் பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே தேங்கியிருந்த மின்சாரம் வடிந்தது. கேபினட்டைப் படுக்க வைத்தார். கிராபிக்ஸ் கார்டின் பாரம் ஸ்லாட்டை இழுப்பது நின்றது. மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்டினார். கால் மணி நேரம் கழிந்தது. வெயிலும் ஏறியது. இத்தனை மாறுதல்களில் எது கம்ப்யூட்டரை எழுப்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. பல் டாக்டர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்ததும் நின்றுவிடும் பல்வலியைப் போலத்தான் இதுவும்: வலி நின்றது உண்மை, பல் சரியாகவில்லை.

முழுக்கச் செத்த கம்ப்யூட்டரில் ஒரு பாகத்தை மாற்றியதும் உயிர் வந்தால் அந்தப் பாகம்தான் குற்றவாளி. விட்டு விட்டு வரும் கோளாறில் இந்த நியாயம் செல்லாது. எதையுமே மாற்றாமல் இருந்தாலும் அடுத்த முறை அது ஆன் ஆகியிருக்கக்கூடும். இந்தக் கோளாறில் 'ஆன் ஆகிவிட்டது' என்பது சாட்சியமே இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு நகர முடியும். 1985இல் டாண்டம் நிறுவனத்திலிருந்த ஜிம் கிரே, கம்ப்யூட்டர்கள் ஏன் நின்றுபோகின்றன என்று ஓர் அறிக்கை எழுதினார். தேடப் போனால் மறைந்துகொள்ளும் மென்பொருள் பிழைகளை அதில் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரையொட்டி 'ஹைசன்பக்' என்று குறித்தார். வன்பொருளில் அந்தப் பிழைக்குச் சூட்டையும் உரசலையும் கேபிளின் பாரத்தையும் காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? பட்டனை அழுத்தியதற்கும் திரையில் லோகோ வருவதற்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதிலிருந்து.

பிளக் மாட்டி, சுவர் சுவிட்சைப் போட்ட கணத்திலேயே, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். பாதி விழித்துவிடுகிறது. அதற்குள் இருக்கும் ஒரு சிறு துணைச் சுற்று, 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்கு ஓயாமல் தருகிறது. முன்பக்கத்துப் பவர் பட்டன் நேரடியாக எதையும் ஆன் செய்வதில்லை; இரண்டு வயர்களைக் கணநேரம் சேர்த்து மதர்போர்டுக்குத் தகவல் சொல்வதோடு அதன் வேலை தீர்ந்தது. காத்திருப்பு மின்சாரத்தில் விழித்திருக்கும் மதர்போர்டு, பச்சை வயரைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுக்கிறது. 'எழுந்திரு' என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அதுதான் கட்டளை. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறை இது, இன்றும் பெரும்பாலான டெஸ்க்டாப்புகளில் நடப்பது இதுவே. இப்போதெல்லாம் அழகுக்காக எல்லா வயரையும் கறுப்பாகவே விடுகிறார்கள். ரிப்பேர் பார்ப்பவன் சாபம் அந்த வடிவமைப்பாளரைச் சும்மா விடாது.

பிறகு 12, 5, 3.3 வோல்ட்டுகள் எழுகின்றன. மூன்றும் சொன்ன அளவிலிருந்து 5 சதவீதத்துக்குள் வந்து நிலைத்த பின், 100 முதல் 500 மில்லி விநாடிக்குள் எஸ்.எம்.பி.எஸ். சாம்பல் நிற வயரில் 'மின்சாரம் சரி' என்று ஒரு சைகை அனுப்பும். அது வரும்வரை மதர்போர்டு புராசஸரை விழிக்க விடாது. வந்த பின்புதான் பயாஸ் ஓடத் தொடங்கி, ராமைப் பழக்கி, கிராபிக்ஸ் கார்டைத் தட்டி, கடைசியில் டிஸ்க்கிலிருந்து விண்டோஸையோ லினக்ஸையோ கூப்பிடுகிறது.

இந்தச் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுகிறது என்பதற்கு ஒவ்வோர் அடையாளம் உண்டு. பட்டனை அழுத்தினால் அசைவே இல்லையென்றால் காத்திருப்பு மின்சாரத்தையோ பட்டனையோ பார்க்க வேண்டும். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டால், எங்கோ ஷார்ட் ஆகி எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. வீட்டில் பூட்டிய கம்ப்யூட்டரில் இதற்கொரு பழைய காரணம் உண்டு. போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்த் திருகுகளில் ஒன்று, போர்டில் துளையே இல்லாத இடத்தில் மாட்டப்பட்டு, அடியிலிருந்து சுற்றைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஆன் ஆகிச் சரியாக நாலு விநாடியில் அணைந்தால் பட்டனைச் சந்தேகிக்கலாம். பட்டனைத் தொடர்ந்து நாலு விநாடி அழுத்தினால் அணைந்துவிட வேண்டும் என்பது வழக்கமான விதி. அழுத்திய பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால் கம்ப்யூட்டர் அந்த விதியை நாணயமாகக் கடைப்பிடிக்கிறது. பட்டன் வயரைப் போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டுவிட்டு எடுத்தால் தெரிந்துவிடும். செலவில்லாத சோதனை, இதைச் செய்யாமல் மதர்போர்டு மாற்றியவர்கள் உண்டு.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை என்னும் நிலைதான் பரந்த மைதானம். இப்போது வரும் பல போர்டுகளின் ஓரத்தில் சி.பி.யு., டி-ராம், வி.ஜி.ஏ., பூட் என்று நாலு குட்டி விளக்குகள் இருக்கின்றன. எதில் விளக்கு நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் வண்டி நின்றது என்று பொருள். விளக்கு இல்லாத போர்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பீக்கரை மாட்டினால் பீப் ஒலியாவது வரும். ஆனால் விளக்கு கட்டத்தைத்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது. 'டி-ராம்' விளக்கு நின்றதற்கு ராமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ராமைக் கட்டுப்படுத்தும் சுற்றை ஏ.எம்.டி. 2003இலும் இன்டெல் 2008இலும் மதர்போர்டிலிருந்து புராசஸருக்குள் கொண்டுபோய்விட்டன. எனவே சாக்கெட்டில் ஓர் ஊசி வளைந்திருந்தாலும், கூலரின் திருகுகளை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர விட்டிருந்தாலும், பழி ராம் மேல்தான் விழும்.

கட்டம் தெரிந்தபின் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: எப்போது? விட்டு விட்டு வரும் கோளாறு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் தற்செயல் அல்ல. அதற்கென ஒரு நிபந்தனை இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடிக்கடி வரும் புகாரை எடுத்துக்கொள்வோம். காலையில் முதல் தடவை ஆன் ஆகாது. மூன்று நாலு முறை அமுக்கினால் ஆன் ஆகும். அதன்பின் நாள் முழுக்க ரீஸ்டார்ட் செய்தாலும் தொந்தரவில்லை. மார்கழியில் கூடுதலாகப் படுத்தும். சந்தேகத்தின் முதல் இடம் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் மின்தேக்கிகள், சர்வீஸ் கடைப் பேச்சில் கெப்பாசிட்டர்கள். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே திரவ மின்பகுளி ஊறிய காகிதத்தைச் சுருட்டி வைத்த உருளைகள் அவை. ஆண்டுக்கணக்கில் சூட்டில் இருக்கும்போது திரவம் சிறுகச் சிறுக ஆவியாகும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. திரவம் குறையக் குறைய மின்தேக்கியின் உள்தடை ஏறும். அந்தத் திரவத்தில் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள். குளிரில் அவை மந்தமாக நகரும். ஆகவே காய்ந்துபோன மின்தேக்கியின் தடை குளிர்ந்த வேளையில் இன்னும் மேலே போகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கட்டுப்பாட்டுச் சிப்பை உசுப்பிவிடும் சிறிய மின்தேக்கிக்கு இந்த நோய் வந்தால், முதல் முயற்சியில் வோல்ட் எழும்பித் தடுமாறி விழும். ஆனால் ஒவ்வொரு தோல்வி முயற்சியும் அதைக் கொஞ்சம் சூடாக்கும். நாலாவது முறை எழுந்துவிடும். அமுக்கி அமுக்கி ஆன் செய்கிறவர் தன்னையறியாமல் மின்தேக்கிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்று கணக்கில் சேர்கிறது. இரவில் சுவர் சுவிட்சையே அணைத்துவிடும் வீடுகளில் காத்திருப்பு மின்சாரமும் நின்றுவிடும். மறுநாள் காலை முழுக் குளிர்ச்சியிலிருந்து தொடங்க வேண்டும். கோளாறு இளசாக இருக்கும்போதே அங்கே தெரிந்துவிடும். சுவிட்சை அணைக்காத வீட்டில் அதே எஸ்.எம்.பி.எஸ். வெதுவெதுப்பாகவே இருந்து மாதக்கணக்கில் நோயை மறைக்கும். ஒரு நாள் நீண்ட மின்வெட்டு வரும். கரெண்ட் வந்த பிறகு கம்ப்யூட்டர் எழாது. 'கரெண்ட் வரும்போது ஹை வோல்டேஜ் அடித்துவிட்டது' என்று மின்வாரியத்தைத் திட்டுவார்கள். சில சமயம் அது உண்மை. பல சமயம் மின்வெட்டு செய்த ஒரே குற்றம், அந்தப் பெட்டியை ஆற விட்டது.

1990களின் கடைசியிலிருந்து சில ஆண்டுகள் தவறான கலவையில் தயாரான மின்பகுளியால் உலகெங்கும் மதர்போர்டுகளில் மின்தேக்கிகள் தலைவீங்கி வெடித்த கதை பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். இன்றைய போர்டுகளில் திட பாலிமர் மின்தேக்கிகள் வந்துவிட்டதால் வீங்கிய தலையை அங்கே தேடுவதில் பலன் குறைவு. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் திரவ வகை இன்னமும் இருக்கிறது. அதற்காக அதைத் திறந்து பார்க்கக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கும் மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். மல்டிமீட்டரை வெளியே வயரில் வைத்து 12.1 வோல்ட் காட்டுகிறது என்று நிம்மதியடைவதும் வீண். மீட்டர் காட்டுவது சராசரி. ஏ.டி.எக்ஸ். விதிப்படி 12 வோல்ட்டின் மேல் சவாரி செய்யும் அலைவு 120 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். முதல் அரை விநாடியில் அது என்ன ஆட்டம் ஆடியது என்பது மீட்டருக்குத் தெரியாது. பச்சையையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுவதைப் பார்க்கும் பிரபலமான சோதனையும் சுமையில்லாமல் ஆன் ஆகிறது என்பதற்கு மேல் எதையும் நிரூபிக்காது. நண்பரிடமிருந்து நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரண்டு வாரம் இரவல் வாங்குவதே மேல்.

காலைக் கோளாறுக்கு இன்னொரு சந்தேகப் புள்ளியும் உண்டு: ராமின் பழக்கம். டி.டி.ஆர்.5 ராம் 6000 வேகத்தில் ஓடும்போது ஒரு பிட் தங்கும் நேரம் 167 பிக்கோ விநாடிதான். அதற்குள் ஒளியே 5 சென்டிமீட்டர்தான் போகும். போர்டின் செம்புத் தடத்தில் சைகை இன்னும் மெதுவாகப் போகும். தடங்களின் நீளத்தில் மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் கணக்குக்கு வந்துவிடுகிறது. அதனால் கம்ப்யூட்டர் எழும்போது ஒவ்வொரு தடத்துக்கும் எவ்வளவு தாமதம், எவ்வளவு வோல்ட் என்று மாற்றி மாற்றிப் பார்த்து, தரவு பிழையில்லாமல் படிக்கப்படும் இடைவெளியின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கிறது. புது ராம் மாட்டிய முதல் தடவை இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். டிஸ்ப்ளே இல்லையே என்று பதறி நடுவில் அணைத்துவிட்டு, ராம் பழுது என்று கடைக்கு ஓடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த இடைவெளி தாராளமாக இருந்தால் கோளாறு இல்லை. மிகக் குறுகலாக இருந்தால் ஒரு காலை கிடைக்கும், மறு காலை கிடைக்காது. கிடைக்காதபோது பல போர்டுகள் தாமாகவே அணைந்து எழுந்து மறுபடி முயலும். சில தோல்விகளுக்குப் பின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆன் ஆகிவிடும். ஃபேன் நின்று நின்று சுற்றி ஒருவழியாக ஆன் ஆனதென்றால், பயாஸுக்குள் போய் ராமின் வேகத்தைப் பாருங்கள். 6000 என்று வைத்தது 4800 என்று இருந்தால் நடந்த கதை அதுதான்.

ராம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண், எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ போன்ற அமைப்புகளை ஆன் செய்தால்தான் கிடைக்கும். அது ராம் தயாரிப்பாளர் தரும் வாக்கு. புராசஸர் தயாரிப்பாளர் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ராமுக்கு 5200. நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் 3600. இந்தச் சரிவை அறியாமல் பின்னால் இன்னும் இரண்டு ராம் வாங்கிச் சேர்ப்பவர்களே காலைக் கோளாறின் முக்கிய வாடிக்கையாளர்கள். கடையில் முழுசாக வாங்கிய கம்ப்யூட்டரில் இந்தக் கூட்டணியைத் தயாரிப்பாளர் சோதித்திருப்பார். நாமே பூட்டியதில் நாம்தான் முதல் சோதனையாளர். எக்ஸ்.எம்.பி.யை அணைத்துவிட்டுச் சில காலைகள் பார்ப்பது, எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை என்பது என் கட்சி. மெம்டெஸ்ட் போன்ற மென்பொருள் இரவு முழுக்க ஓடி 'பிழை இல்லை' என்றாலும் இந்த விஷயத்தில் அது பேசாது. ராம் வெற்றிகரமாகப் பழகி முடித்த பிறகுதானே அது ஓடவே தொடங்குகிறது.

கேபினட்டுக்கு வெளியேயும் குற்றவாளிகள் உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் 20ஆம் ஊசி என்று ஒன்று இருக்கிறது. அது 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. சாதாரண கேபிளின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அதில் வயர் ஓடக் கூடாது என்பது தரவிதி. விதியை மதிக்காத கேபிளில் ஓடும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் மானிட்டரிலிருந்து அந்த வழியே மின்சாரம் பின்புறமாக கிராபிக்ஸ் கார்டுக்குள் கசியும். கார்டு முழுதாக அணையாமல் அரைமயக்கத்தில் கிடக்கும். அடுத்த தடவை ஒழுங்காக எழாது. மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தால் மட்டும் எழும். தனி அடாப்டரில் ஓடும் யு.எஸ்.பி. ஹப்பும் இப்படிப் பின்வழியாக ஊட்டக்கூடும். சதுர அலை இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஆன் ஆக மறுக்கும் எஸ்.எம்.பி.எஸ். தனி ரகம்.

லோகோ வந்த பிறகு நிற்கும் கோளாறுகளை இங்கே அதிகம் தொடவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் 'ஷட் டவுன்' என்பது அரை உறக்கம். 'ரீஸ்டார்ட்'தான் முழுமையாக அணைத்து எழுப்புவது. ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் தொந்தரவு, ரீஸ்டார்ட்டில் தொந்தரவில்லை என்றால் திருப்புளியை எடுக்குமுன் அந்த அமைப்பை அணைத்துப் பாருங்கள்.

இனி எண்ணிக்கை. ஐந்து தடவைக்கு ஒரு தடவை ஆன் ஆகாத கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாகத்தை மாற்றுகிறோம். அடுத்தடுத்து ஐந்து தடவை ஆன் ஆகிவிட்டது. சரியாகிவிட்டதா? பாகத்தை மாற்றாமலே இருந்திருந்தாலும் ஐந்து தடவையும் ஆன் ஆவதற்கான வாய்ப்பு 0.8ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, அதாவது ஏறக்குறைய 33 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு அதிர்ஷ்டத்தை நாம் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போக 14 தடவை தொடர்ந்து ஆன் ஆக வேண்டும். பத்துக்கு ஒரு தடவை மக்கர் செய்வதென்றால் 29 தடவை. எத்தனைக்கு ஒன்று தவறுகிறதோ அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட சரியாக வரும்.

இந்த 14 தடவையையும் ஒரே மாலையில் தொடர்ந்து தட்டி முடித்துவிட முடியாது. காலைக் கோளாறுக்குக் காலைதான் கணக்கு. ராத்திரி முழுக்க ஆறிய பிறகு வரும் முதல் ஆன் மட்டுமே ஒன்று. அதைத் தொடர்ந்த ரீஸ்டார்ட்டுகள் சூடான பெட்டியின் மேல் நடக்கும் வேறு சோதனை. அப்படியானால் ஒரு பாகத்தைத் தீர்க்க இரண்டு வாரம். பொறுமை இல்லாதவர்கள் ராம், எஸ்.எம்.பி.எஸ்., பயாஸ் பேட்டரி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவார்கள். கம்ப்யூட்டர் வேண்டும், காரணம் வேண்டாம் என்பவர்களுக்கு அது நியாயமான வழிதான், பணம் அவர்களுடையது. காரணம் வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்று. கடைசியில் இரண்டு வாரம் சமர்த்தாக ஓடிய பிறகு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு பழைய பாகத்தைத் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். கோளாறும் கூடவே திரும்பி வந்தால்தான் தீர்ப்பு உறுதி. திரும்பி வராவிட்டால் அந்தப் பாகம் நிரபராதி. கழற்றி மாட்டியதில் ஏதோ ஓர் இணைப்பு இறுகியிருக்கிறது.

வாரண்டி இருந்தால் இந்தக் கணக்கு வேறு விதத்திலும் உதவும். சர்வீஸ் சென்டரில் போர்டை மேசை மேல் திறந்து போட்டு, அவர்களுடைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ராமையும் மாட்டி இரண்டு தடவை ஆன் செய்வார்கள். ஆன் ஆகும். 'நல்லாத்தான் இருக்கு சார்' என்று திருப்பித் தருவார்கள்; அவர்கள் சொல்வது பொய்யுமில்லை. ஆன் ஆகாத ஒரு காலையில் எந்த விளக்கில் நிற்கிறது என்று ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். எத்தனை மணி நேரம் கரெண்ட் இல்லாமல் இருந்தது, எத்தனை காலைகளில் எத்தனை முறை தவறியது, எந்தெந்தப் பாகத்தை மாற்றியும் மாறவில்லை என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, 'இரவு முழுக்க ஆற விட்டுக் காலையில் முதல் வேலையாக ஆன் செய்யவும்' என்ற வரியோடு பெட்டிக்குள் வைத்துக் கொடுங்கள்.